வருகைச் சரிபார்ப்பு

பழுது பார்க்கிறவர்கள் "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போவதற்குச் சோம்பலோ வேலைப்பளுவோ காரணம் அல்ல, எதிர்காலத்தைப் பற்றிப் பேச அவர்களிடம் தகுந்த வினைச்சொல் இல்லாததுதான் காரணம் என்று ஓர் அறிஞர் குழு கண்டுபிடித்தது. அந்த அறிக்கை வெளியான நேரத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒரு ஜவுளிக்கடையின் லிஃப்ட் குழிக்குள் எண்ணெயும் தூசியுமாக நின்றுகொண்டு, ஒரு பல் மருத்துவமனைக்காரரிடம் ஃபோனில் "நாளைக்கு வந்துடறேன் சார், உங்க வேலைதான் முதல் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குழுவின் வாதம் எளிமையானது. தமிழ்க்காரன் 'வரேன்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வரவும் செய்வான், வராமலும் இருப்பான், வாசலைத் தாண்டிப் போகும்போதும் அதையே சொல்லிவிட்டுப் போவான். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அந்த நொடியில் மனதில் தோன்றியதைச் சொல்ல 'வில்' என்று ஒன்று. முன்பே எண்ணியதையோ, கண்ணெதிரே அறிகுறி தெரிவதையோ சொல்ல 'கோயிங் டு' என்று ஒன்று. ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது என்றால் 'ஈஸ் கமிங்'. ரயிலைப் போல அட்டவணைப்படி வருவதென்றால் வெறும் 'கம்ஸ்'. இத்தனை வடிவங்கள் உள்ள மொழியில் ஒருவன் வராமல் இருப்பது கடினம் என்று குழு கருதியது. அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த பிளம்பர்கள் சொன்ன நேரத்துக்கு வருகிறார்களா என்று குழு விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயணப்படி ஒதுக்கப்படவில்லை என்று அடிக்குறிப்பில் இருந்தது.

அறிக்கையிலிருந்து ஒரு வாரியம் பிறந்தது. எதிர்காலக் கூற்று வாரியம் என்று பெயர். எட்டு மாடிக் கட்டடம், முகப்பில் ஒரு பெரிய கடிகாரம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர், தையல்காரர், லிஃப்ட் மெக்கானிக் ஆகிய யாராக இருந்தாலும் வாரியத்தின் வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் தொழில் உரிமம் புதுப்பிக்கப்படும் என்று சட்டம் வந்தது.

மெக்கானிக்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு 'நாளைக்கு' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் ஃபோனில் அவர் எண்ணை அந்தப் பெயரில் சேமித்து வைத்திருக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மனைவியும் அவர்களில் ஒருத்தி. அவர் கெட்ட மனிதர் அல்ல. யார் கூப்பிட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். உரிமம் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்ததால், ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த பயிற்சி வகுப்பில் சேர்ந்தார்.

வகுப்பு நடத்திய டீச்சர் நெளிவு சுளிவு தெரிந்தவர். "இலக்கணம் எல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்கன்னு கேப்பாங்க. அது நிச்சயம். ஒரே ஒரு வாக்கியத்த மனப்பாடம் பண்ணுங்க போதும். ஐ யாம் மீட்டிங் மை டென்டிஸ்ட் ஆன் சண்டே."

"ஞாயித்துக்கிழமை பல் டாக்டர் இருக்க மாட்டாரே, டீச்சர்?"

"பரிட்சையில இருப்பாரு. சொல்லுங்க."

அவர் சொன்னார். குழிக்குள் நின்று சொன்னார், பஸ்ஸில் சொன்னார், பல் தேய்க்கும்போது சொன்னார்.

தேர்வு அன்று வாரியத்தின் தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது. லிஃப்ட் பழுது பார்க்கப்படும் என்று ஆங்கிலத்தில் 'வில்' போட்டு எழுதி, அதை அடித்து, 'கோயிங் டு' என்று திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் வட்ட முத்திரை குத்தியிருந்தார்கள். அதையும் அடித்து இன்னொன்று எழுதி இன்னொரு முத்திரை. பலகையில் இனி எழுத இடம் இல்லை.

"லிஃப்ட் ஓடாதுண்ணே. ஏறித்தான் போவணும், எட்டாவது மாடி" என்றார் காவலாளி.

"ஏன், ஆள் கிடைக்கலியா?"

"மெக்கானிக்குங்க எல்லாம் மேல பரிட்சைக்குக் காத்திருக்காங்க."

"நான் வேணா ஒரு பார்வை பாக்கட்டுமா?"

"சர்ட்டிபிகேட் இருக்கா?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

"அப்ப ஏறுங்க."

ஏறினார். தேர்வாளர் கண்ணாடி போட்ட அம்மையார். மேசையில் ஒரு மணி, ஒரு கோப்பு, இருமல் மிட்டாய். அவர் எடுத்த எடுப்பிலேயே ஓர் அறிவிப்பைப் படித்தார்.

"இன்னிக்குக் காலைலேர்ந்து பல் மருத்துவர் தடை செய்யப்பட்டிருக்கார். நகரத்துல இருக்கிற தொழிலாளர் எல்லாரும் ஞாயித்துக்கிழமை பல் மருத்துவரைச் சந்திக்கிறதா போன மாசம் புள்ளிவிவரம் வந்திருக்கு. அதனால வேற யாரையாவது சந்திங்க. இல்ல, வேற யாராவது உங்களைச் சந்திக்க வரட்டும். ம்... சண்டே என்ன?"

மனப்பாடம் செய்த வாக்கியத்திலிருந்து பல் மருத்துவரை உருவிவிட்டால் மீதி இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் யாரை வைப்பது? தேர்வாளர் மணியின் மேல் கை வைத்தார். மணி அடித்தால் தோல்வி.

"மை டாட்டர் ஈஸ் கமிங் ஆன் சண்டே" என்றார் மெக்கானிக்.

தேர்வாளர் முகம் மலர்ந்தது. "பேஷ்! எவ்வளவு இயல்பா வருது பாருங்க. இது ஏற்பாடு முடிஞ்ச வடிவம். அப்ப ஏற்பாடு முடிஞ்சிடுச்சு?"

"முடிஞ்சிடுச்சுங்க."

"எதுல வராங்க?"

"பஸ்ல."

"காலைலயா?"

"முதல் பஸ். அவளுக்கு ஜன்னல் சீட்டுதான் வேணும். சின்னதுலேருந்து அப்படித்தான்."

இதைக் கேட்கப்படாமலே சொன்னார். சொல்லும்போது மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் படியிலிருந்து இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நிஜமாகவே தகவல் வந்ததைப் போல நெஞ்சில் ஒரு நிம்மதி. கீழே இறங்குவதற்கு எழுந்தபோதுதான் தேர்வாளர் மீதியைச் சொன்னார்.

"தற்காலிகத் தேர்ச்சி. சண்டே எங்க சரிபார்ப்பு அதிகாரி உங்க வீட்டுக்கு வருவார். மகள் வந்ததும் பாத்து எழுதிட்டு சர்ட்டிபிகேட்டைக் கையிலயே குடுத்துடுவார்."

"வரலேன்னா?"

"பொய் ஏற்பாடு. மூணு வருஷம் தொழில் செய்ய முடியாது. ஆனா நீங்க ஏன் அதைக் கேக்கறீங்க? ஏற்பாடுதான் முடிஞ்சிடுச்சே!"

வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே, ஏதோ தண்ணீர்க் குழாய் பற்றிச் சொல்வதைப் போலச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பாப்பா வரான்னு சொல்லியிருக்கேன்."

மனைவி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"வராளா? உங்ககிட்ட பேசினாளா? எப்ப பேசினா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ! அந்த ரூமுல உங்க சாமான் மூட்டையெல்லாம் கிடக்கு, எடுக்கணும். மாப்பிள்ளையும் வராரா?"

"இல்ல... பரிட்சைல கேட்டாங்க. அதுக்குச் சொன்னேன்."

அவள் அப்படியே நின்றாள். முகத்தில் ஏற்றிய விளக்கை எங்கே வைப்பது என்று தெரியாததைப் போல நின்றாள்.

"பரிட்சைக்கா?"

"வேற யாரும் வாய்ல வரல."

"என் பொண்ண கொண்டுபோய் பரிட்சைக்கு உதாரணம் ஆக்கிட்டு வந்திருக்கீங்க. நல்லா இருக்கு." திரும்பி அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது. "வேற யாரும் வரலியாமே. வராம இருக்கிறதுல உங்கள மிஞ்ச ஆள் இருக்கா?"

மகள் வேறு ஊரில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். போன வருஷம் வயிற்றில் இருந்தது ஆறு மாதத்தில் தவறிப்போயிற்று. புருஷன் கப்பல் வேலை, கடலில் இருந்தான். அம்மாவுக்கு அப்போது காலில் கட்டு, எழுந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மகள் அப்பாவைக் கூப்பிட்டாள். அவள் அதிகம் கேட்கிற பெண் அல்ல. "அப்பா, கொஞ்சம் வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். "நாளைக்கு வரேம்மா" என்றார். மறுநாள் ஒரு ஓட்டல் லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒவ்வொன்றும் உண்மையான காரணம்தான். அவர் ஒருவழியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றபோது, மகள் வீடு திரும்பிவிட்டதாகவும் "வேண்டாம்னு சொல்லும்மா, வேலைய பாக்கட்டும்" என்று சொன்னதாகவும் மனைவி ஃபோன் செய்தாள். அதற்குப் பிறகு மகள் அம்மாவிடம்தான் பேசுகிறாள்.

தேர்வுக்கு மறுநாளே மெக்கானிக் வாக்கியத்தை மாற்றிக்கொடுக்க வாரியத்துக்குப் போனார். மனிதர்கள் பெயரையே மாற்றிக்கொள்கிறார்கள், ஒரு வினைச்சொல்லை மாற்ற முடியாதா என்று நினைத்தார்.

ஐந்தாவது மாடியில் 'வில்' பிரிவு. அங்கே இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "வாக்குறுதியா, நம்பிக்கையா?"

"எது சுலபம்?"

"வாக்குறுதின்னா வர்ற ஆளே வந்து கையெழுத்துப் போடணும்."

"வந்தாத்தான் பிரச்சினையே இல்லையே, சார்."

"அப்ப நம்பிக்கைல போடுங்க. 'ஐ திங்க் ஷீ வில் கம்'. உங்க பொண்ணு வருவாங்கன்னு நீங்க நம்பறீங்களா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லப் பழகிய வாய் அது. அந்த ஒரு தடவை அதிலிருந்து எதுவும் வரவில்லை. பிரிவுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பேனாவை மூடினார். "மேல போங்க."

ஆறாவது மாடியில் 'கோயிங் டு' பிரிவு. அங்கே ஜன்னலோரம் ஓர் அதிகாரி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க அறிகுறி வேணும். கறுப்பு மேகம் இருந்தா மழை வரப்போகுதுன்னு சொல்லலாம். நாளைக்கு எது வரப்போகுதுன்னாலும் இன்னிக்கு ஒரு மேகம் தெரியணும். உங்க விஷயத்துல மேகம் என்ன?"

"அவ அம்மாகிட்ட வாரம் ஒருதடவ பேசறா, சார்."

"அது அம்மாவோட மேகம். உங்களோடது?"

மெக்கானிக் யோசித்தார். "அவ பிறந்த நாளுக்கு நான் ஒரு மெசேஜ் போட்டேன். பாத்துட்டான்னு ரெண்டு நீல டிக் வந்துச்சு."

அதிகாரி அதைப் பரிசீலித்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. பக்கத்து அறைக்காரரையும் கூப்பிட்டுக் கலந்து பேசினார். "ஈரப்பதம்னு எடுத்துக்கலாம். மேகம்னு எடுத்துக்க முடியாது" என்று தீர்ப்பு வந்தது.

ஏழாவது மாடியில் அட்டவணைப் பிரிவு. அங்கே ரயில், விமானம், சூரிய உதயம் ஆகியவற்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். "மகள் அட்டவணைப்படி வர்றவங்களா?" என்று ஓர் இளம் அதிகாரி மரியாதையாகக் கேட்டார். மெக்கானிக் நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

எட்டாவது மாடியில் வாரியத் தலைவர் கதவு திறந்தே இருந்தது. லிஃப்ட் நின்றதிலிருந்து அவரைப் பார்க்க ஆள் வருவது குறைந்துவிட்டதால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற மெக்கானிக்கை அவர் அன்போடு உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பேசினார். மேடையில் பேசிப் பழகியவர். ஒருவர் எதிரே இருந்தாலும் ஓரமாகக் கூட்டம் நிற்பதைப் போல அந்தப் பக்கமும் பார்த்துப் பேசினார்.

"உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும். மக்கள் வராம போறது இந்த வாரியத்துக்குப் பிரச்சினையே இல்ல. எந்த வடிவத்துல வராம போறாங்கங்கறதுதான் பிரச்சினை. நாங்க வர்றதுக்கு முன்னாடி ஊர் முழுக்கப் புகார். பிளம்பர் வரல, தச்சர் வரல. இப்ப ஒரு புகார் கிடையாது. ஏன்னா புகாரையும் சரியான ஆங்கில வடிவத்துலதான் குடுக்கணும்னு விதி போட்டுட்டோம். வேலை நடக்குதான்னு கேக்கறாங்க. நாலு வருஷமா நான் இந்த நாற்காலில இருக்கேன். ஒரு தவறான எதிர்காலம் என் மேசையைத் தாண்டி வெளில போனதில்ல. சரியான எதிர்காலமும் போனதில்ல, அது வேற விஷயம்."

"என் வாக்கியம், ஐயா..."

"உங்க வாக்கியம் அருமையான வாக்கியம். அதை மாத்தாதீங்க. உங்க மகளை மாத்துங்க." தலைவர் எழுந்து கை குலுக்கினார். "இறங்கும்போது அந்த லிஃப்டை ஒரு பார்வை பாத்துட்டுப் போங்களேன். ஓ, சர்ட்டிபிகேட் இல்லல்ல? சரி, அப்புறம்."

சனிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரே துணி மடித்தாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? அப்பா பரிட்சைல சொல்லிட்டாரு, வந்து தலையக் காட்டிட்டுப் போன்னா?"

"மூணு வருஷம் வேலை இருக்காதும்மா."

"தெரியுது. அதுக்காக நான் பொய் சொல்லிக் கூப்பிடவா? வருவாளோ மாட்டாளோ. ஆனா எதுக்குக் கூப்பிட்டோம்னு தெரிஞ்சா அப்புறம் என்கிட்டயும் பேச மாட்டா. எனக்கு இருக்கிறது அந்த ஒரு ஃபோனு." மடித்த துணியைத் தட்டினாள். "உங்களுக்குப் பேசணும்னா பேசுங்க. சர்ட்டிபிகேட்டுக்கு இல்லாம பேசுங்க."

அவர் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியதும் துண்டித்தார். என்ன சொல்வது என்று யோசித்தால், முதல் வார்த்தையாக வந்து நின்றது 'நாளைக்கு'.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சரிபார்ப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர். கையில் ஒரு பிளாஸ்க், கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, வாசல் தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"முதல் பஸ்ஸுன்னு எழுதியிருக்கு."

"ஆமாங்க."

"நல்லது. வரட்டும்."

முதல் பஸ் வரும் நேரம் போயிற்று. அதிகாரி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார். மனைவி கொண்டுவந்து வைத்த பிஸ்கட்டை, லஞ்சமாகி விடுமோ என்று யோசித்து, பாதியை மட்டும் எடுத்தார். அழைப்பு மணி அடித்தது. அதிகாரி துள்ளி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். பால்காரர். அதிகாரி மறுபடி உட்கார்ந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் அவர் எழுந்தார். வீட்டுக்காரர்களைவிட ஆவலாக எழுந்தார். அந்த ஆவலைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்றார் அதிகாரி, நாலாவது பஸ்ஸும் போன பிறகு. "நான் போன வீட்டுல எல்லாம் இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க. அண்ணன் வரான்னு சொல்லியிருப்பாங்க. பழைய சிநேகிதன் வரான்னு சொல்லியிருப்பாங்க. ஒருத்தர் அவரு அப்பா வராருன்னு சொல்லிட்டாரு. அப்பா செத்து பத்து வருஷம். பரிட்சைல யாரக் கேட்டாலும், வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளத்தான் சொல்றாங்க. ஏன்னே புரியல. போயி உக்காந்து பாத்துட்டு, வரலன்னு எழுதிட்டு வருவேன். ஒரு தடவயாச்சும் வந்துட்டாங்கன்னு எழுதணும்னு ஆசை."

அதிகாரி குரலைத் தணித்தார்.

"விதிப்படி பாத்தா ஆள அடையாளம் பாக்கறது என் வேலை இல்ல. அதுக்குத் தனிப் பிரிவு, இன்னும் ஆள் போடல. வருகை நடந்துதா, அவ்வளவுதான் எனக்கு. அக்கம்பக்கத்துல அந்த வயசுல ஒரு பொண்ணு கைல பையோட வந்து நின்னு, 'அப்பா, வந்துட்டேன்'னு சொன்னாக்கூட..." என்று நிறுத்தி, மீதிப் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் என்பது ஐம்பது தாண்டியவனுக்கு எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். மனைவி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டுப் பெண் பியூட்டி பார்லரில் வேலை செய்பவள், சிரித்த முகம். "அவ்வளவுதானா அங்கிள்? நாடகமா? எனக்கு ரொம்பப் பிடிக்கும்!" என்று பையில் இரண்டு தலையணையைத் திணித்துக்கொண்டு, கீழே இறங்கிப் போய், களைத்த நடையோடு மறுபடி மேலே ஏறி வந்தாள். மணியை அடித்தாள். அதிகாரி எழுந்து நின்றார். பேனாவின் மூடியைக் கழற்றினார். மெக்கானிக் கதவைத் திறந்தார்.

"அப்பா, வந்துட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

நன்றாகச் சொன்னாள். கொஞ்சம் கோபமும் கொஞ்சம் செல்லமும் கலந்து, பஸ்ஸில் நெடுநேரம் உட்கார்ந்து வந்த குரலில், நிஜ மகள் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாளோ அப்படியே சொன்னாள். மெக்கானிக் கதவைப் பிடித்தபடி நின்றார். உள்ளறையில் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தார். எந்தச் சத்தமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"பத்திரமா வந்து சேந்தீங்களாம்மா?" என்று அதிகாரி ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டே பையிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்தார். தங்க நிற ஓரம் போட்டது.

மெக்கானிக் செருப்பை மாட்டினார்.

"சார், எங்க போறீங்க? வருகை நடந்துக்கிட்டு இருக்கு. வரவேற்கிறவர் இருக்கணும்!"

"இவ என் பொண்ணு இல்ல" என்றார் மெக்கானிக். "நல்ல பொண்ணு. எதிர்வீடு."

"நான்தான் அடையாளம் கேக்கலியே, சார்! நீங்களா ஏன் சொல்றீங்க?" அதிகாரிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. மனைவி வெளியே வந்து நின்றாள். "எங்க?" என்று கேட்டாள். வீட்டைவிட்டு வெளியேறும் யாரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அவர் சொல்லவில்லை. படியிறங்கிப் போனார்.

பஸ் பிடித்து அவர் சாயங்காலம் போய்ச் சேர்ந்தபோது, மகள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடியது. ஆனால் கதவு மூடும்போது ஒரு முனகல். கீழ்த்தண்டவாளத்தில் தூசி அடைத்திருக்கிறது என்று ஏறியதுமே தெரிந்தது. கை தானாகச் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடிற்று. ஐந்து நிமிஷ வேலை. அப்புறம் மேலே போகலாம். கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு மூன்றாவது மாடிப் பொத்தானை அழுத்தினார்.

கதவைத் திறந்த மகள் அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள். "அம்மாவுக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லாருக்கா."

"பின்ன?"

"வந்தேன்."

அவள் கதவை முழுசாகத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. மெலிந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது எப்போது என்று அவருக்குத் தெரியாது.

"நாளைக்கு வரேன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா."

"எந்த நாளைக்குன்னு நான்தான் கேட்டு வச்சிருக்கணும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை. தேர்வு, தடை செய்யப்பட்ட பல் மருத்துவர், ஜன்னல் சீட்டு, ஈரப்பதம், எதிர்வீட்டுப் பெண், தலையணை. தலையணை வந்த இடத்தில் அவள் உதட்டின் ஓரம் ஒருகணம் அசைந்தது. உடனே அடங்கிவிட்டது.

"நான் வரேன்னு நீங்க சொன்னீங்களா?"

"ம்."

"நல்லா இருக்குப்பா. நீங்க வர்றதையும் நீங்களே சொல்லுவீங்க. நான் வர்றதையும் நீங்களே சொல்லுவீங்க. என்கிட்ட யாரும் கேக்க வேண்டாம்."

அவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவளும் போகச் சொல்லவில்லை. பிறகு அவள் கதவைவிட்டு உள்ளே நடந்தாள். கதவு திறந்தே கிடந்ததால் அவரும் உள்ளே போனார். ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் காய்ந்த துணி குவிந்து கிடந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. மனைவி. எதிரே யாரோ உட்கார்ந்திருக்கும்போது பேசுகிற குரல்.

"போய்ச் சேந்துட்டீங்களா?"

"சேந்துட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நீளமாக வந்தது. பிறகு அவள் அதிகாரி கேட்டதை ஒப்பித்தாள். "இவரு இன்னும் உக்காந்திருக்காரு. எதிர்வீட்டுப் பொண்ணு கதையும் சேத்து எழுதணுமாம், பாவம், பேனாவ வச்சுக்கிட்டு முழிக்கிறாரு. நீங்க எப்ப திரும்பி வருவீங்கன்னு கேக்கறாரு. எந்த வடிவத்துல எழுதட்டும்னு கேக்கறாரு. என்ன சொல்ல?"

"நா..." என்று தொடங்கினார் மெக்கானிக்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓர் எழுத்துக்குப் பிறகு என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"தெரியலன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கசமுசா. "அதுக்குப் பிரிவே இல்லைங்கறாரு."

"இல்லாட்டி போகட்டும்."

ஃபோனை வைத்தார். மகள் நாற்காலிக்குப் போய்த் துணியைக் கைநிறைய அள்ளி எடுத்தாள். எங்கே வைப்பது என்று பார்ப்பதைப் போல அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்க என்று அவள் சொல்லவில்லை.